திருவாதிரை மங்கிய மாதங்கள்

2019 டிசம்பர் 14, சனி

மதினி வந்துவிட்டார். துணி ஒரு பெட்டி, புத்தகம் நான்கு பெட்டி, ஒரு மடக்கு நாற்காலி, தோல் உறைக்குள் ஒரு பைனாகுலர். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்குள் கால் வைத்ததும் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி: "ஏப்பா, மாடிக்கு நேரா இந்தத் தெருவிளக்கை எவன் போட்டான்?" ஊருக்கே விளக்குப் போட்ட இலாகாவில் இருந்தவர் விளக்கைத் திட்டுகிறார்.

பெயர் பர்வதவர்த்தினி. இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஒரே அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் மதுரையில் தனியாகவே இருந்தார். பொங்கலுக்கு வந்தால் இரண்டு நாள் தங்குவார். நானும் இரண்டு நாள் நல்ல பெயர் எடுத்துவிடுவேன். இனி இங்கேயேதான். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தாயிற்று. அங்கே இருந்த என் துணிக்கடைச் சரக்கெல்லாம் ஹாலில் மூட்டையாகக் கிடக்கிறது. இவர் மூட்டைகளைத் தாண்டித் தாண்டி நடக்கிறார், வாய் திறக்கவில்லை. அக்கா விஷயம் இல்லையா.

டிசம்பர் 16, திங்கள்

நாளை மார்கழி. கல்யாணச் சேலைக்கு ப்ளவுஸ் துணி தேடி வரும் கூட்டம் ஒரு மாதத்துக்கு இருக்காது. கடையில் லைனிங் துணி மட்டும் இறக்கினேன்.

மதினிக்கென்று உளுந்து வடை சுட்டு, வலது கைப்பக்கம் தட்டில் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாதத்தை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். பிடிக்காவிட்டால் சொல்லலாம். மாடிப்படியில் நான் எதிரே வந்தபோதும் இடித்துக்கொண்டே இறங்கினார். மதுரைக் கௌரவம் போல.

டிசம்பர் 18, புதன்

இன்று மதினி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கடை அடைத்து வந்து குளித்த கையோடு போனேன். கிழக்கே வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"உனக்குக் கலர் நல்லாப் பிடிபடுமாமே, தம்பி சொன்னான்."

"கடையில நிக்கிறேன்ல மதினி. பத்துப் பச்சையில எது சேலையோட பச்சைன்னு பாத்துத்தானே கொடுக்கணும்."

"அப்ப இதைப் பாரு." விரலை நீட்டினார். வரிசையாக மூன்று நட்சத்திரம், அதுக்கு ஒரு பக்கம் சிவப்பாக ஒன்று. "அது திருவாதிரை. மேலே ஆரஞ்சா இருக்கே, அது ரோகிணி. அங்க ஒரு வேட்டைக்காரன் நிக்கிறதா வச்சுக்க; திருவாதிரை அவனுக்கு ஒரு தோள்னா, அந்தப் பக்கம் வெள்ளையா இருக்கிறது இன்னொரு தோள். இந்தச் சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூணையும் பாரு. வெளிச்சத்துல திருவாதிரை எங்க நிக்குதுன்னு சொல்லு."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அதைச் சொல்ல மாட்டேன். சொன்னா உன் கண்ணு அதையேதான் பார்க்கும்."

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கண்ணை ஓட்டினேன். ஒரே நட்சத்திரத்தை முறைத்தால் அதன் வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது. சட்டென்று மாறி மாறிப் பார்த்தால்தான் நிலைக்கிறது. "ரோகிணிக்குக் கீழே. வெள்ளைக்கு மேலே. நடுவுல, கொஞ்சம் ரோகிணிப் பக்கமா."

மதினி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நானும் அதேதான்டி போட்டேன்! அப்ப என் கண்ணு இல்ல, நட்சத்திரம்தான்." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

திருவாதிரை எப்போதும் ரோகிணியைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். இப்படி இறங்கி அவர் பார்த்ததே இல்லையாம். இருபத்தெட்டு வயதிலிருந்து பார்க்கிறார். வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரங்கள் வானத்தில் எத்தனையோ. உலகம் முழுக்க ஆட்கள் தினம் பார்த்து, வெளிச்சத்துக்கு எண் போட்டு, ஒரு சங்கத்துக்கு அனுப்புகிறார்கள். அதைத்தான் இவரும் செய்துவந்திருக்கிறார், ஆபீஸ் விட்டு வந்து, தனியாக, மதுரை மொட்டை மாடியில். எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை.

எண் கூடினால் வெளிச்சம் குறைவு. முதல் தரம், இரண்டாம் தரம் என்று துணிக்குச் சொல்வதுபோல. ரோகிணி, வெள்ளை இரண்டுக்கும் எண் முன்பே உண்டு; அவற்றோடு ஒப்பிட்டு இதற்குப் போட வேண்டும். சுலபமாகப் பிடிபட்டது.

டிசம்பர் 26, வியாழன்

சூரிய கிரகணம். மதினி அட்டையில் துளை போட்டு, பிறைச் சூரியனைத் தரையில் விழவைத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டினார். எல்லாரும் அவரைச் சுற்றியே நின்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

2020 ஜனவரி 4, சனி

டிவியில் திருவாதிரை வெடிக்கப் போகிறது என்று சொல்லிவிட்டார்களாம். வாடிக்கையாக வரும் அம்மா ஒருத்தர் துணியைக் கிழித்த பிறகும் போகாமல் நின்றார். "என் மருமகன் திருவாதிரைங்க. ஏதாச்சும் ஆகுமா?"

ராத்திரிச் சாப்பாட்டில் மதினியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "அந்த வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. மருமகன் நல்லா இருப்பாருன்னு சொல்லு. ஏன் மங்குதுன்னு கேட்டா, எங்களுக்கு இன்னும் தெரியலைன்னு சொல்லு."

தெரியவில்லை என்பதை இவ்வளவு நிமிர்ந்து சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை.

மோரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினார். துடைத்தேன்.

ஜனவரி 9, வியாழன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நாளை ஆருத்ரா தரிசனம். உத்தரகோசமங்கையில் இன்றுதான் மரகத நடராஜரின் சந்தனக் காப்பைக் களைவார்கள். வருடத்தில் இந்த ஒரு தடவைதான் காப்பில்லாமல் பார்க்க முடியும். மூன்று பேரும் போனோம். "திருவாதிரைக்கு உரியவரை அது மங்குற வருஷத்துல பார்க்காம இருக்கலாமா?" என்று மதினிதான் கிளப்பினார்.

வரிசையில் நகரும்போது வலப்பக்கம் கட்டியிருந்த மூங்கில் தடுப்பில் அப்படியே போய் மோதினார். நெற்றியில் ரத்தம். தடுப்பு சின்னதும் இல்லை, மறைந்தும் இல்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்து எதிரே நின்றது.

பிரகாரத்தில் உட்காரவைத்து முந்தானையால் துடைத்தேன். அப்போதுதான் வடை, மாடிப்படி, மோர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக என் தலையில் விழுந்தன. ஒன்றும் கேட்காமல் அவருடைய இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன்.

"மதினி, என் சேலை என்ன கலர்?"

என் கையை விலக்கப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"கீழ்ப்பாதி பச்சை," என்றார். "மேல் பாதி இருட்டு."

"எத்தனை நாளா?"

"முதல்ல ஓரத்துல ஒரு நிழல்தான் இருந்துச்சு. திரை மாதிரி. திருவாதிரை மங்கவும் என் கண்ணுதான் கெட்டுருச்சுன்னு பயந்தேன். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்."

"கெட்டுத்தானே இருந்திருக்கு!"

"ரெண்டும் நிஜம் மங்களா. அதுவும் மங்குச்சு. இதுவும் மங்குச்சு."

இவர் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்தார். நான்தான் சொன்னேன். நடராஜரைப் பார்க்காமலே காரை எடுத்தோம்.

ஜனவரி 10, வெள்ளி. மதுரை

கண் ஆஸ்பத்திரி. விழித்திரை பிய்ந்து விலகியிருக்கிறது. நடு இடத்தையும் தொட்டுவிட்டது. டாக்டரம்மா சின்ன வயது, கோபம் வந்துவிட்டது. "நிழல் தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதே. ஏன்மா வரலை?"

"ஒரு நட்சத்திரம் மங்கிக்கிட்டு இருந்துச்சு," என்றார் மதினி.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். நாளைக் காலை ஆபரேஷன்.

எனக்கும் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலக் கோபம். இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம். கூடவே, என் வாழ்க்கையில் நான் எதற்காகக் கண் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டிருப்பேன் என்றும் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரி 15, புதன்

பொங்கல். கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது விழித்திரையைப் பின்னால் அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் ஆள் குப்புறவே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், பேசும்போதும் முகம் தரையைப் பார்த்து. வானத்தைப் பார்த்தே வாழ்ந்தவருக்கு.

மிச்சத் துணியெல்லாம் போட்டு, நடுவில் ஓட்டை விட்டு ஒரு தலையணை தைத்தேன். அதில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஆகா, கண்ணுக்குக் கீழே உங்க வீட்டு மொசைக். நல்ல புள்ளி புள்ளியா இருக்கு," என்றார். ஸ்பூனில் சர்க்கரைப் பொங்கலைக் கீழிருந்து ஊட்டினேன்.

ஜனவரி 17, வெள்ளி

"நீ போய்ப் பாத்துட்டு வா," என்றார்.

பார்த்தேன். இறங்கி வந்து, வெள்ளைத் தோளுக்கு ஒரு நூல் மேலே, ஒன்று புள்ளி ஐந்து என்றேன். "சரி, உங்க பேர்ல போட்டுறவா?"

குப்புறப் படுத்தபடியே கையை உயர்த்தித் தடுத்தார். "பார்த்தது யாரு?"

"நான்."

"அப்ப உன் பேர்ல. நான் பார்க்காததுக்கு என் பேரு எப்படி வரும்?" போனில் எங்கே என்ன அழுத்த வேண்டும் என்று தரையைப் பார்த்தே சொல்லச் சொல்ல, நான் அந்தச் சங்கத்தில் பெயரைப் பதிந்தேன். மங்களேஸ்வரி கோட்டைச்சாமி, ராமநாதபுரம். கடை போர்டில்கூட என் பெயர் இல்லை, மாமனார் பெயர்தான். யாரிடமும் சொல்லவில்லை. இதில் மட்டும் எழுதுகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

மேகம்.

ஜனவரி 21, செவ்வாய்

மேகம். மதினி "மேகம்னும் எழுதி வை" என்றார்.

ஜனவரி 27, திங்கள்

பரிசோதனைக்குப் போனோம். கீழ்ப்பகுதி மறுபடி விலகிவிட்டது. இரண்டாவது ஆபரேஷன். இந்தத் தடவை வாயு இல்லை, எண்ணெய். வாயு தானாகக் கரைந்துவிடும். எண்ணெய் அவர்களாக எடுக்கும்வரை உள்ளேயே நிற்கும். பார்வை எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு டாக்டரம்மா மதினியின் தோளைத் தட்டினார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மறுபடி தலையணை, மறுபடி மொசைக். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இவர் பேங்க் வேலை முடிந்து வந்து பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, அக்கா முகத்துக்குக் கீழே தன் முகம் வருகிற மாதிரி வைத்துப் பேச்சுக் கொடுக்கிறார். அப்போதும் மதினி சிரிக்கவில்லை.

மாடிக்குப் போய் இறங்கி வந்தேன். "மதினி, இன்னைக்குக் கொஞ்சம் தேறியிருக்கு."

"அப்படியா? எவ்வளவு?"

"ஒன்று புள்ளி மூணு இருக்கும்."

"ரோகிணிக்கும் இதுக்கும் எவ்வளவு இடைவெளி?"

"கொஞ்சம்தான்."

"வெள்ளைத் தோளுக்கு?"

மனசுக்குள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு எங்கேயோ இடித்தது. அவர் சத்தம் போடவில்லை. தலையணை ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "என் உடம்பைப் பாத்து நட்சத்திரத்துக்கு எண் போடாதே மங்களா."

அழுதுவிட்டேன். "நீங்க சாப்பிட மாட்டேங்கிறீங்க. நான் என்ன செய்ய?"

"நீ நிஜமா பாத்ததைச் சொல்லு. நான் சாப்பிடுறேன்."

"ஒன்று புள்ளி ஆறு. இன்னும் இறங்கியிருக்கு."

"தட்டைக் கொண்டா," என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டு தோளும் ஒன்றாகிவிட்டன. எத்தனை தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் ஒரே வெளிச்சம். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். மாடியில் தனியாக நின்றேன். சந்தைக்குப் போகும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு பெரியது, எத்தனையோ சூரியன்களை விழுங்கிவிடும் என்கிறார் மதினி, அது இப்படி அடங்கி நிற்கிறது. அதை இந்த நேரத்தில் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. பார்த்திருக்க வேண்டியவர் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இறங்கி வந்து சொன்னேன். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். எண்ணைக் கேட்கவில்லை. முதல் தடவையாக அப்படிக் கேட்டார். தெரிந்த வரைக்கும் சொன்னேன். கையை நீட்டி என் காலைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

ஏறுகிறது! மூன்று நாள் பொறுத்து, உறுதியாகத் தெரிந்த பிறகுதான் சொன்னேன். மதினி எழுந்து உட்கார அனுமதி கிடைத்துவிட்டது. கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். இடது கண்ணால் பார்த்தார். "வெள்ளையைத் தாண்டிருச்சு," என்றார். பிறகு வலது கண்ணால் பார்த்தார். உடனே அதை மூடிக்கொண்டு மறுபடி இடது கண்ணுக்கே வந்தார்.

மார்ச் 11, புதன். மதுரை

விழித்திரை ஒட்டியிருக்கிறது. ஆனால் நடுவே அடிபட்டது அடிபட்டதுதான். எண்ணெயை எடுத்த பிறகும் எழுத்துப் படிக்க வராது. கோடுகள் நெளிந்தே தெரியும். ஏப்ரலில் எண்ணெயை எடுக்கலாம் என்றார்கள்.

வரும் வழியில் மானாமதுரை பக்கம் காரை நிறுத்தி டீ குடித்தோம். இவர் தயங்கித் தயங்கி, "அக்கா, டிசம்பர்லயே போயிருந்தா…" என்று ஆரம்பித்தார்.

"போயிருந்தா பார்வை நின்னிருக்கும். நான் செஞ்சது தப்புதான்டா. நட்சத்திரத்தை உன் பெண்டாட்டிகிட்டக் கொடுத்துட்டுப் போயிருக்கணும். அவ இவ்வளவு நல்லாப் பார்ப்பான்னு அப்பத் தெரியலை." டீயை ஊதிக் குடித்தார். இவர் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மார்ச் 25, புதன்

ஊரடங்கு. கடைக்குப் பூட்டு. மதுரைக்குப் போக வழியில்லை. எண்ணெய் உள்ளேயே இருக்கும். இவர் மட்டும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பேங்குக்குப் போகிறார். தெருவில் புழுதியே இல்லை. இப்படி ஒரு வானத்தை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

திருவாதிரை ரோகிணியையே முந்திவிட்டது. மேற்கே சாய்ந்துகொண்டிருக்கிறது; இன்னும் கொஞ்ச நாளில் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும்.

இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியாகப் பார்த்தோம். நான் புள்ளி ஏழு. மதினி இடது கண்ணால் புள்ளி ஒன்பது. இவ்வளவு வித்தியாசம் வந்ததில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நான்தான் தப்பாப் பாத்திருப்பேன் மதினி. உங்களதையே ரெண்டு பேருக்கும் போட்டுறலாம்."

"சிவப்பு ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி. ரெண்டையும் அனுப்பு."

"எது சரி?"

"அது நம்ம வேலை இல்ல. உலகம் பூரா எத்தனை பேர் பாத்து அனுப்புறாங்க. எல்லாம் சேர்ந்து சொல்லும்."

முப்பது வருட அனுபவத்தை என் நான்கு மாதத்தோடு ஒரே தட்டில் வைத்து அனுப்பினார். நானாக இருந்தால் செய்திருப்பேனா தெரியவில்லை.

ஜூலை 24, வெள்ளி

மூன்று மாதமாக இதில் அதிகம் எழுதவில்லை. கடையில் இப்போது ப்ளவுஸ் துணி போகவில்லை, முகக்கவசத் துணிதான் போகிறது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: திங்கட்கிழமை வந்தால் எண்ணெயை எடுத்துவிடலாம், இ-பாஸ் கிடைத்துவிடும்.

இதற்கு நடுவே வால்மீன் வந்திருக்கிறது. வடமேற்கில், சப்தரிஷி மண்டலத்தின் பாதத்துக்குப் பக்கத்தில். பைனாகுலரில் பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது. தலை ஒரு பஞ்சு உருண்டை, அதிலிருந்து மெல்லிய வெளிச்சம் மேலே சீவிவிட்ட மாதிரி. கை வலிக்கும்வரை பார்த்தேன். பிறகு மதினியிடம் நீட்டினேன்.

"இதுக்கு எண் போடுறது எப்படி மதினி? நட்சத்திரம் புள்ளியா இருக்கு, இது பரந்து கிடக்கு. எதை எதோட ஒப்பிட?"

"தெளிவாப் பாத்தா முடியாது. பைனாகுலர்ல இருக்கிற திருகைத் திருப்பி எல்லாத்தையும் கலங்கலாக்கு. நட்சத்திரமும் வட்டமா ஊதி, இதோட அளவுக்கு வரும். அப்ப ஒப்பிடலாம்."

செய்தேன். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் வெளிறிய பொட்டாக விரிந்தன. வால்மீனின் தலையும் அவற்றில் ஒரு பொட்டு. கண் மாறி மாறி ஓடியது. மனசுக்குள் ஒரு எண்ணை நிறுத்திக்கொண்டு, திருகைப் பழையபடி வைத்து மதினியிடம் கொடுத்தேன்.

அவர் திருகைத் தொடவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெய் நிரம்பிய வலது கண்ணில் பைனாகுலரை வைத்தார். திடீரென்று தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மங்களா, எனக்குத் திருகே தேவையில்லைடி. இந்தக் கண்ணுக்கு எல்லாமே ஏற்கெனவே கலங்கல்தான். நட்சத்திரம், வால்மீன் எல்லாம் ஒரே அளவு. இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!" மறுபடி பார்த்தார், மறுபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரண்மனைத் தெருவில் வியாபாரி தராசு பிடிக்கிற நிதானத்தோடு ரொம்ப நேரம் பார்த்தார்.

எண்களைச் சொன்னோம். நான் நான்கு. அவர் மூன்று புள்ளி எட்டு.

"ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிப்போட்டுரலாமா?" என்று கேட்டார். நான் முறைத்ததைப் பார்த்து, "சும்மாதான் கேட்டேன். திங்கக்கிழமை விடிய வண்டியை வரச் சொல்லு. மிச்ச நாளெல்லாம் வால்மீனை நீ பாத்துக்க," என்றார்.

போனை எடுத்து முதலில் என்னுடையதை அனுப்பினேன். பிறகு அவருடையதை நிரப்பினேன். பார்த்த கருவி எது என்று கேட்கும் இடத்தில் பைனாகுலர் என்று போட்டேன்.

"அதோட நிக்காதே. குறிப்புல எழுது: வலது கண், விழித்திரை இரண்டு முறை அறுவை, உள்ளே எண்ணெய், அதனால் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது."

"இதையெல்லாமா மதினி? படிக்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். எதால பாத்தேன்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

எழுதி, அவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டி, அனுப்பினேன்.